இடப்பக்க உரிமம்

வணக்கம். எல்லாரும் சுகம்தானே? சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? இடுப்புவலி இருக்கும், அதைக் கேட்கவே வேண்டாம். கார் தானாக ஓட ஆரம்பித்த பிறகு இடுப்புவலி இல்லாத வீடு ஏது? காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு இப்போது இருக்கும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கொல்லிமலையிலிருந்து, பவளாயி என்ற பெண்ணிடமிருந்து வந்தது.

"நான்காம் படித் தேர்வில் தாங்கள் தேறவில்லை," என்றது தானோட்டி. "தேவையற்ற ஒலி எழுப்பினீர்கள்."

"ஹாரன் அடிச்சேன். அது தேவையத்ததா?" என்றாள் பவளாயி.

"எல்லா வளைவுகளிலும் அடித்தீர்கள்."

"எல்லா வளைவும் வளைஞ்சுதானே இருக்குது!"

தானோட்டி என்பது காரின் முன்பலகைக்குள் இருக்கும் மூளை. ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் பிரேக் போடுவதும் அதன் வேலை. நானே கையால் ஓட்டுவேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அது ஓட்டுவதை விட்டுவிட்டு மார்க் போட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் நான்கு படி ஏற வேண்டும். முதல் படியில் எல் போர்டு மாட்டி, நான்காம் படிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொந்தத் தெருவில் மட்டும் ஓட்டலாம். இரண்டாம் படியில் பகலில் சொந்த ஊருக்குள். மூன்றாம் படியில் மலை முழுக்க ஓட்டலாம், ஆனால் தனியாக மட்டும். பக்கத்தில் ஒரு கோழிகூட உட்காரக் கூடாது. நான்காம் படி ஏறினால்தான் அடுத்தவரை ஏற்றலாம்.

பவளாயிக்கு வேண்டியது அந்த நான்காம் படி. அவள் ஊர் மலைப்பாதையின் நடுவில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. தானோட்டிகளின் வழிப்படத்தில் அந்த ஊர் கிடையாது. அதனால் ஊர்ப் பெண்கள் அன்னாசியும் பலாவும் தலையில் சுமந்து, வளைவு வளைவாக ஏறி மேலே சந்தைக்குப் போனார்கள். காலியாக ஓடும் கார்கள் அவர்களை உரசிக்கொண்டு போகும். பவளாயி பழைய கார் ஒன்றை வாங்கியதே இவர்களை ஏற்றிப் போகத்தான். வாங்கி என்ன? அவள் காலிக் காரில் போவாள், அவள் பக்கத்து வீட்டு அங்கம்மா கூடையோடு பின்னால் நடந்து வருவாள்.

"உன் காருல எனக்குப் புழுதிதான் மிச்சம்," என்பாள் அங்கம்மா.

அடிவார அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஜெயசீலனிடம் போய் நின்றாள் பவளாயி. நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் யாரும் திரையைத் தாண்டிப் பார்ப்பதில்லை.

"ஏம்மா, அந்த ஹாரனை அடிக்காம ஓட்டினா என்ன? ஒரு கார் எங்க வருதுன்னு இன்னொரு காருக்கு அலைமூலமா தெரியும். சத்தம் எதுக்கு?"

"காருக்குத் தெரியும் சார். அங்கம்மாவுக்கு எந்த அலை தெரியும்? போன மாசம் சத்தமே இல்லாம மூக்குக்கு முன்னால வந்து நின்னுச்சு ஒரு காரு. அவ பயந்துபோய் கூடையோட பள்ளத்துல விழுந்துட்டா."

ஜெயசீலன் திரையைத் தட்டினார். "மோதல் எதுவும் இல்லைன்னு இருக்கே."

"மோதலீங்க. அவதான் விழுந்தா."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பவளாயி மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"சரிங்க. எந்தப் பாதையில ஓட்டினாலும் நாலு படியும் ஏறணும்ங்கறது உங்க சட்டந்தானே? இந்த மெசினு எங்க மலையில எந்தப் படி ஏறுச்சு? எப்ப எல் போர்டு மாட்டுச்சு? பக்கத்துல யாரு ஒக்காந்து பாத்தாங்க?"

"அம்மா, அது சமவெளியில கோடிக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கு."

"நானும் வயக்காட்டுல டிராக்டர் ஓட்டியிருக்கேன். அதுக்கு மார்க் போட்டீங்களா?"

ஜெயசீலன் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கார்கள் வரிசையாக மலையேறின. முதல் வளைவில் பவளாயியின் ஊர்ப் பெண்கள் கூடையோடு நின்றார்கள். மறியல் செய்யவில்லை, கோஷம் போடவில்லை. நம் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். ஒரு கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டிவிட்டு, குறுக்கே நடந்தார்கள். கையைக் காட்டினால் மனித டிரைவர் திட்டிவிட்டு ஓரமாக ஒடித்துப் போவான். தானோட்டி அப்படியல்ல, கை கீழே இறங்கும்வரை நிற்கும். அங்கம்மா இந்தப் பக்கம் வந்தாள், பவளாயி அந்தப் பக்கம் போனாள். மறுபடி அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. மத்தியானத்துக்குள் வரிசை அடிவாரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பசியில் ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "ஏம்மா, எவ்வளவு நேரம்மா கிராஸ் பண்ணுவீங்க?"

"சுமை கனமுங்க. மெதுவாத்தான் போக முடியும். அன்னாசி வேணுங்களா?"

வந்தவர்கள் எல்லாரும் அன்னாசி வாங்கித் தின்றார்கள். ஆனாலும் புகார் மேலே போனது. சாயங்காலம் ஜெயசீலன் உத்தரவோடு வந்து நின்றார். மலைப்பாதைக்குத் தானோட்டியும் படி ஏறும்; அதற்குத் தெரு, ஊர் எல்லாமே இந்தப் பாதைதான். எல்லாத் தானோட்டிகளுக்கும் ஒரே மூளை என்பதால், ஒரு கார் தேறினால் போதும். ஆனால் எல் போர்டு காரில் பக்கத்தில் உட்கார, இந்தப் பாதை தெரிந்த நான்காம் படிக்காரர் வேண்டும். அந்த மலையில் அப்படி ஒருவரும் இல்லை. தேர்வில் எல்லாரையும் தேறவிடாமல் தட்டிவிட்டிருந்தது அதே தானோட்டிதான்.

"அதனால உனக்கே நாலாம் படி தர்றோம்," என்றார் ஜெயசீலன். பெண்கள் குலவையிட்டார்கள். அவர் கையைத் தூக்கினார். "இருங்கம்மா. இது இடப்பக்க உரிமம். இந்த மெஷின் தேர்ற வரைக்கும், இடது பக்க சீட்டுல உட்கார மட்டும்தான் செல்லும். அது தேறிடுச்சுன்னா உன் உரிமம் காலாவதி. நீ மறுபடி மூணாம் படி."

அங்கம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓட்டறதுக்கு லைசென்சு கேட்டா ஒக்காரறதுக்குக் குடுக்கறீங்களே, இது எந்த ஊரு நாயமுங்க?"

பவளாயி உரிமத்தை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

மறுநாள் முதல் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் மலை ஏறி இறங்கியது. இடது சீட்டில் பவளாயி. பிரேக் இல்லாத இடத்தில் அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. ஹாரன் விஷயம் சுலபமாக முடிந்தது. அடிக்காத வளைவுக்கெல்லாம் மார்க்கைக் குறைத்தாள், அது அடிக்கக் கற்றுக்கொண்டது. பாதி வழியில் அங்கம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சுமையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்து."

"இவர்கள் முன்பதிவு செய்யவில்லை," என்றது தானோட்டி.

"தலையில கூடை இருக்குதில்ல?"

"கூடை முன்பதிவு ஆகாது."

"தேறல. முதல் படிக்குப் போ."

"எந்த விதியின்படி?"

"பக்கத்துல ஒக்காந்திருக்கறவ சொன்னா எறங்கணும்னு உங்க விதிதான் சொல்லுது. எங்கிட்டயே கேக்கறியா நீ?"

தானோட்டி அடிவாரத்துக்குத் திரும்பி முதல் வளைவிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. மறுநாள் நின்றது, ஆனால் கதவைத் திறக்கவில்லை. முதல் படி. அதற்கடுத்த நாள் கதவைத் திறந்தது, ஆனால் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. முதல் படி. இயந்திரத்துக்குக் கோபம் வராது, அலுப்பும் வராது. அதனால் கடைசியில் கற்றுக்கொண்டது.

"அம்மா, தாங்கள் எங்கே செல்கிறீர்கள்? கூடையைப் பின்னால் வையுங்கள்," என்றது ஒரு நாள் காலை.

அங்கம்மா கதவருகில் தயங்கினாள். "ஏண்டி, ஏதோ சாமியாரு கூப்பிடற மாதிரி இருக்குது. ஏறலாமா?"

"ஏறு, ஏறு. கால நீட்டி ஒக்காரு."

அன்றைக்குத் தானோட்டி நான்காம் படி ஏறியது. அந்த நிமிஷமே பவளாயியின் உரிமம் செத்தது. "மூன்றாம் படி ஓட்டுநரே, தங்கள் சேவைக்கு நன்றி," என்று வாழ்த்தி, அவளை ஊர்ப் பிரிவில் இறக்கிவிட்டுப் போனது.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. முகூர்த்தத்துக்குப் போன மாப்பிள்ளை கார் நடுவழியில் நின்று, கீரைக்கட்டோடு நின்ற அம்மாளை மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்தது. கம்பெனி முதலாளிகள் மடியில் மீன்கூடையோடு மீட்டிங்குக்குப் போனார்கள். சுமை கனமாக இருந்தால் கார் முதலில் சுமைக்காரர் போகும் இடத்துக்குத்தான் போனது. தமிழ்நாடு முழுக்க ஒரே கூச்சல். மாற்றிவிடலாம் என்றால், முடியவில்லை. நான்காம் படியில் தேறிய பழக்கத்தைக் குறைக்க, தேறவைத்தவரே மறுபடி பக்கத்தில் உட்கார வேண்டும். கண்டவர்களும் மூளைக்குள் கைவைக்கக் கூடாது என்று துறையே போட்டு வைத்த பூட்டு அது.

ஜெயசீலன் பவளாயி வீட்டுக்கு வந்தார். காரிலிருந்து அவர் இறங்கியபோது மடியில் யாரோ ஒருவருடைய பலாப்பழம். சட்டையெல்லாம் பிசின்.

"இந்தாம்மா," என்று பலாப்பழத்தைக் காரின் மேல் வைத்துவிட்டு அட்டையை நீட்டினார். "முழு நாலாம் படி. இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் கிடையாது. ஆயுசுக்கும் செல்லும். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒரு நாள் வந்து உட்கார்ந்து, அது வண்டியை நிறுத்தறப்பல்லாம் மார்க்கைக் குறைச்சுடு."

பவளாயி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. அங்கம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இருந்தா எங்காளுங்கள நான் ஏத்திக்கலாமுங்களா?"

"தாராளமா."

"என் காருல எத்தன பேரு ஏறலாமுங்க?"

"நாலு பேர்."

"இப்ப எங்களுக்காக எத்தன காரு நிக்குதுங்க சார்?"

ஜெயசீலன் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவர் வந்த காரில் இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்து, கூடையைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, ஏறுங்கள். சந்தைக்கு நேரமாகிறது," என்றது தானோட்டி.

பவளாயி அட்டையைப் பலாப்பழத்தின் முள்ளில் செருகினாள்.

"எனக்கு மூணாம் படியே போதுமுங்க."

தன் பழைய காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஹாரனை அழுத்திக்கொண்டே முதல் வளைவில் திரும்பினாள். வழியில் சுமையோடு ஒருத்தி நின்றாள். பவளாயி கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் படிக்காரி யாரையும் ஏற்றக் கூடாதே. அந்த மலையில் நிற்காமல் போகும் ஒரே கார் இன்றைக்கும் அவளுடையதுதான்.

உங்கள் கார் இந்த வாரம் யாரை ஏற்றிக்கொண்டது? அவர் கூடையில் என்ன இருந்தது? முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தீர்களா, பேசிக்கொண்டு போனீர்களா? மறைக்காமல் எழுதுங்கள்.