வலது கைப்பிடியின் சூடு

நாற்காலியின் வலது கைப்பிடி மட்டும் சூடாக இருந்தது.

துடைத்துக்கொண்டே வந்தவளின் விரலில் அது பட்டது. மதியம் மூன்று மணி. வீட்டில் வேறு யாருமில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குக் கணவன் காலையிலேயே போய்விட்டான். வெயில் சமையலறைப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. கூடத்து ஜன்னலோரம் முழுக்க நிழல். இடது கைப்பிடியைத் தொட்டாள். குளிர்ந்த மரம். மெத்தையைத் தொட்டாள். அதுவும் ஜில்லென்றிருந்தது. மறுபடியும் வலது பக்கம் தொட்டுப் பார்த்தாள். நெடுநேரம் யாரோ பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்ததுபோல, நுனியில் உள்ளங்கை அகலத்துக்குச் சூடும் லேசான பிசுபிசுப்பும் இருந்தன.

கூட்டமான பேருந்தில் முன்னால் நின்றவர் விட்ட கம்பியைப் பிடித்தால் இப்படித்தான் இருக்கும். அவள் துணியை இறுக்கி அழுத்தி அந்த இடத்தை மூன்று முறை துடைத்தாள். பிறகு கையையும் கழுவினாள்.

புதுவீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கணவனின் அண்ணன் வீட்டில் ஒரு பின்னறையில் பதினோரு வருடம் இருந்தவர்களுக்கு, மூன்றாவது மாடியில் ஒரு கூடமும் ஓர் உள்ளறையும் சமையலறையும் அரண்மனைதான். அரண்மனைக்குள் இருந்த எதுவும் புதிதில்லை. திரைச்சீலைகள் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து வந்தவை. கூடத்துக் கட்டில் ஒரு கால் குட்டையானது, அதற்கு மட்டும் மரத்துண்டு முட்டுக்கொடுத்திருந்தது. அலமாரிக்கு ஒரு கதவு. யார் யாரோ மிச்சம் வைத்த மூன்று டப்பா பெயிண்ட்டைக் கணவன் ஒன்றாகக் கலக்கிச் சுவருக்கு அடித்ததில் பேர் சொல்ல முடியாத ஒரு நிறம் கிடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இதிலெல்லாம் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. கேட்டவர்களிடம் பெருமையாகவே சொல்வாள், இது இங்கே எடுத்தது, அது அங்கே எடுத்தது என்று.

நாற்காலியைப் பற்றி மட்டும் பொய் சொன்னாள்.

அகலமான இருக்கையும் உயர்ந்த முதுகும் கொண்ட தேக்கு நாற்காலி அது. அவள் ஆயாவாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஏழாம் அறையில் இருந்தது. அந்த அறையிலிருந்தவர் முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டெலிபோன் அம்மா. மருந்து கொடுக்கத் தாமதமானாலும், சோறு ஆறிப்போய் வந்தாலும், குரலை உயர்த்தாமல் நன்றி சொல்கிற மனுஷி. அவர் தன் கையாலேயே இதைக் கொடுத்தார், வீடு கட்டாயம் விளங்கும் என்று வாழ்த்தினார் என்றெல்லாம் கணவனிடம் அளந்திருந்தாள். அவன் நெகிழ்ந்துபோனான். அண்ணன் வீட்டிலிருக்கும் தன் அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளப் போகிறோம், முட்டி வலிக்காரிக்கு இதைவிட நல்ல இருக்கை எங்கே கிடைக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதற்கு மெருகு போட்டான். பழைய பச்சை உறையைப் பிரித்தெறிந்துவிட்டு அவள் பழுப்புத் துணியில் புது உறை தைத்துப் போட்டாள். அப்படியும் அவன் அதில் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, யாரோ எழுந்து போய் ஒரு நிமிஷம்கூட ஆகாத இடம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

கைப்பிடிக்குப் பிறகு வாசனை வந்தது. வேலை முடிந்து இரண்டரை மணிக்குக் கதவைத் திறக்கும்போது, புதுப் பெயிண்ட் நெடிக்கும் அடைந்து கிடந்த காற்றுக்கும் நடுவில், முகப்பவுடரும் வலித் தைலமும் கலந்த ஒரு மெல்லிய வாசனை, ஜன்னல் பக்கத்திலிருந்து கிளம்பி அவள் செருப்பைக் கழற்றும் வரை காத்திருந்து பிறகு மெதுவாகக் கலைந்து போகும். நம் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். நாளெல்லாம் கிழவர்களுக்குத் தைலம் தேய்க்கிறவளுக்கு வேறென்ன வாசனை வரும்.

அதற்குப் பிறகு சத்தம். அவள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற நேரம், குழாயை மூடியதும், கூடத்துத் தரையில் வெறுங்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கும். நடக்கிற சத்தமில்லை. ஒரே இடத்தில் நின்றபடி, வலது காலின் பாரத்தை இடது காலுக்கும், சற்றுப் பொறுத்து இடது காலின் பாரத்தை வலது காலுக்கும் மாற்றுகிற சத்தம். நீர் கோத்து வீங்கிய பாதம் வழவழப்பான தரையிலிருந்து பிரியும்போது எப்படி ஒலிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மாமியார் ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பேர் தெரியாத நிறத்தைப் பார்த்து மகனைக் கேலி செய்தார், கட்டிலின் குட்டைக்காலைப் பார்த்து, உனக்கும் எனக்கும் ஒரே வியாதி என்று அதைத் தட்டிக் கொடுத்தார். மகன் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்துப் போனான். உட்காரக் குனிந்தவர் பாதியில் நின்றார். நாற்காலிக்கு வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தால் சிரிக்கிற ஓர் அளவான சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அன்று முழுக்க அவர் உட்காரவில்லை. நாற்காலியில் மட்டுமில்லை, கட்டிலில், முக்காலியில், தரையில், எதிலும். சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிட்டார். என்னம்மா என்று கேட்டால் இருக்கட்டும்பா என்பார். மகன் ராத்திரி உள்ளறையில் வலுக்கட்டாயமாகப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினான். விடிந்ததும் மறுபடியும் ஜன்னலோரம் நின்றார். வெள்ளி போனது. சனி வந்தது. கணுக்கால் இரண்டும் சதை பிதுங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்துவிட்டது. டாக்டர் நிற்கவே கூடாது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். தலையாட்டிவிட்டு வந்து நின்றார்.

கணவன் சமையலறைக்கு வந்து அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"நீ அம்மாகிட்ட ஏதாவது சொன்னியா? விருந்தாளி மாதிரி நிக்கிறாங்க. நம்ம வீட்ல உக்கார இடமில்லைன்னு நினைக்கிறாங்களோ என்னவோ."

அவன் கண் கலங்கியிருந்தது. பதினோரு வருடம் அவன் கட்டிய கனவில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அதை உடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் எரிந்தது.

நடந்தது இதுதான். இல்லத்தில் யாராவது இறந்தால், உறவினர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சப் பொருள்கள் ஆயாக்களுக்கு. சண்டை வராமலிருக்க அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: உடல் வெளியே போன பிறகு, யார் முதலில் பிளாஸ்திரியில் பேர் எழுதிப் பொருளின் அடியில் ஒட்டுகிறாளோ, அவளுக்கே அது. புதுவீட்டின் சாவி கைக்கு வந்த வாரம், அவள் பொறுக்கவில்லை. டெலிபோன் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, தரை துடைப்பதுபோல மண்டியிட்டு, இருக்கையின் அடியில் கையை விட்டுத் தன் பேரை ஒட்டினாள். நன்றாக ஒட்ட வேண்டுமே என்று கட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தித் தேய்த்தாள். மெத்தை மெல்லியது. நிமிர்ந்தபோது டெலிபோன் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபமில்லை. கண்ணில் ஒரு சங்கடம் மட்டும். தெரியாமல் பிறர் இடத்தில் உட்கார்ந்துவிட்டவரின் சங்கடம்.

"எழுந்திரிக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

ஐயோ இல்லம்மா, நீங்க உக்காருங்க என்று உளறிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டெலிபோன் அம்மா எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதில் உட்காரவே இல்லை. ஒன்பது நாள், வீங்கிய காலோடு, நாற்காலியின் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற ஆயாக்கள் கேட்டால், அது இன்னொருத்தருக்கு வைத்திருக்கிறது என்பார். யாருக்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பத்தாம் நாள் நின்ற இடத்திலேயே விழுந்தார். தலை தரையில் மோதியது. அவள் அழுதாள், எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். பதினைந்தாம் நாள் ஒரு தள்ளுவண்டி பிடித்து நாற்காலியை ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமையும் கணவனுக்கு அவசர வேலை வந்துவிட்டது; எங்கோ லிஃப்ட்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாலை ஐந்து மணி. மாமியார் குளியலறைக்குப் போன நேரம் பார்த்து, நாற்காலியை வெளியே தள்ளிவிட முடிவு செய்தாள். மாடிப்படிக்குக் கீழே போட்டால் யாராவது எடுத்துப் போவார்கள். முதுகுப்பக்கம் பிடித்து இழுத்தாள். கால்கள் தரையில் கிறீச்சிட்டன. நிறுத்தினாள். நாற்காலி நின்ற பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது. வெறுங்கால், ஓரடி. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். நிறுத்தினாள்.

வெறுங்கால். ஓரடி.

கூடவே வருகிறது.

வலது கைப்பிடியைப் பார்த்தாள். மெருகு போட்ட மரத்தில் நான்கு விரல் ஈரம் படிந்திருந்தது. காயவில்லை. அவள் பார்க்கும்போதே ஒரு விரலின் தடம் கொஞ்சம் நகர்ந்து, பிடியைச் சரிசெய்துகொண்டது.

குளியலறைக் கதவு திறந்தது. மாமியார் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டார். கால்கள் பானையாக வீங்கியிருந்தன. உதடு வெளுத்திருந்தது. இன்னும் ஒரு நாள்கூடத் தாங்காது என்பது ஆயாவின் கண்ணுக்குத் தெரிந்தது. இப்படி நின்ற ஒருத்தரை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், பார்த்தும் பேசாமலிருந்திருக்கிறாள்.  மாமியாரின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அத்தை, இந்த நாற்காலிய அவங்க குடுக்கல. அவங்க உக்காந்திருக்கும்போதே அடியில என் பேர ஒட்டினேன். அதுக்கப்புறம் அவங்க உக்காரவே இல்ல. நின்னு நின்னே செத்துட்டாங்க."

மாமியார் முகத்தில் அதிர்ச்சி இல்லை. யாரோ பக்கத்தில் இருப்பதற்காகக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. வந்த அன்னிக்கே சொன்னாங்க. ஆள வெச்சுக்கிட்டு அதப் பத்தி எப்படிப் பேசறதுன்னுதான் நான் வாயத் திறக்கல."

அவள் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"வயசுல பெரியவங்க நின்னுட்டு இருக்கும்போது நான் எப்படிம்மா உக்கார்றது? உக்காருங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். நாற்காலிக்குச் சொந்தக்காரி நீ உக்காராம அவங்க உக்காரக் கூடாதாம்." மாமியாரின் குரல் தழுதழுத்தது. "நீ உக்காரேன்மா. எனக்கு முடியல."

இருவருக்கும் நடுவில் நாற்காலி கிடந்தது. தைல வாசனை முகத்தில் அடித்தது. தரையில் கால் மாற்றும் சத்தம். வலது. இடது. அவசரமே இல்லாமல்.

ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. மாமியாரின் முட்டி ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் வழுக்கின.

அவள் உட்கார்ந்தாள்.

இருக்கை ஜில்லென்றிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கால் மாற்றும் சத்தம் நின்றது. வீடு முழுக்க அமைதி. தெருவில் ஏதோ ஒரு வண்டி போனது.

பிறகு, வலது கைப்பிடியில் இருந்த அவள் கையின் மேல், இன்னொரு கை. சூடாக. ஈரமாக. கூச்சத்தோடு.

மடியில் பாரம் இறங்கியது. மெதுவாக, முட்டி வலிக்காரர்கள் உட்காருவதுபோல, பாதியில் ஒரு முறை நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் இறங்கி. எலும்பு தொடையில் குத்தியது. பவுடர் பூசிய பிடரி அவள் மூக்கோடு ஒட்டியது. உதட்டில் மெல்லிய நரைமுடி. துப்ப முடியவில்லை. வாயைத் திறந்தால் உள்ளே வந்தது.

எதிரே மாமியார் அப்பாடா என்று கட்டிலில் சரிந்து, மூன்று நாள் கழித்துத் தானாகவே கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. நன்றியோடு இந்தப் பக்கம் பார்த்தார். மருமகளின் முகத்தை அல்ல. அதற்கு ஒரு சாண் மேலே.

"இப்ப வசதியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

மடியில் இருந்தது கொஞ்சம் நெளிந்து, பின்னால் சாய்ந்து, நன்றாக உட்கார்ந்துகொண்டது.