பொருந்திவிட்ட குமிழ்

நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். காலையில் பிடித்த தூறல் விடவில்லை, காற்று அசையவில்லை. அவன் அந்தக் குமிழைக் காரின் கியர் தண்டின் தலையில் வைத்துத் திருகினான். மரை பிடித்தது.

பிடித்திருக்கக் கூடாது. குமிழின் அடியில் சிவப்புச் சாயப் புள்ளி ஒன்று இருந்தது. பொருந்தாதவை என்று ஒதுக்கியவற்றுக்கு அவனே வைக்கும் புள்ளி அது. இரண்டு ஆண்டுகளுக்குமுன் இதே குமிழ் இதே தண்டில் அரைச் சுற்றுகூட ஏறாமல் வழுக்கியது. ஒதுக்கிய குமிழ்கள் கிடந்த பெட்டியைக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்புமுன் சும்மா ஒருமுறை வைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். அது எண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே பொறித்திருந்த கியர்ப் படம் இம்மியும் கோணாமல் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. கடைசிக் கால் சுற்றை அவன் திருகவில்லை; அது தானாகவே திரும்பியது.

தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது அவன் தொழில். கண்ணை நம்புகிறவன் அல்லன். பழைய வண்டிச் சாமான் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தான்.

"புள்ளி வெச்ச குமிழ் எப்படிங்க ஏறும்? மரை அளவே வேற."

"ஊர்ல இருக்கற குமிழையெல்லாம் பொண்ணு பார்க்கற மாதிரி பார்த்து வேண்டாம்னீங்க. இப்ப தானா அமைஞ்சா அதுவும் குத்தமா சார்? சந்தேகம்னா கழட்டிப் பாருங்க."

கழற்றிப் பார்த்தான். கழலவில்லை.

அது அண்ணனின் கார். ஏழு ஆண்டுகளுக்குமுன் நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து அதைத் தூக்கியபோது நான்கு கதவுகளும் சாத்தியிருந்தன, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, உள்ளே யாரும் இல்லை. தண்டின் தலையில் குமிழும் இல்லை. அண்ணன் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டதாக அறிவிக்க நீதிமன்றம் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்டது; அண்ணியைத் தவிர, குடும்பம் என்று மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவனே. அண்ணி சம்மதத் தாளை நீட்டும்போதெல்லாம், "வண்டி முழுசாகட்டும் அண்ணி, கையெழுத்து போட்டுடறேன்" என்பான். இருக்கை, தரைவிரிப்பு, விளக்கு, கம்பிகள் என்று எல்லாம் முடிந்து குமிழ் மட்டும் அமையாமலிருந்தது அவனுக்கு உள்ளூர ஆறுதலாகவே இருந்தது.

ஓட்டுநர் பக்கம் சுவரை ஒட்டியிருந்ததால் இடக்கதவு வழியாக ஏறி, நகர்ந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அமர்ந்தான். கொட்டகையின் தகரக் கூரையில் தூறல் அரிசி புடைப்பதுபோல் சலசலத்தது. வண்டிக்குப் பின்னால் எரிந்த ஒற்றை விளக்கு உள்ளே வெளிச்சத்தைவிட நிழலையே அதிகம் அனுப்பியது. புதுத் தோலின் மணமும் பெட்ரோலின் நெடியும் கலந்திருந்த காற்றில், அவற்றுக்கும் அடியில், ஒரு நூல்கூட விடாமல் உரித்தெறிந்து ஆண்டுக்கணக்கில் உலர்த்திய அந்த வண்டியில் இருக்கவே முடியாத ஒரு வாடை மெல்ல எழுந்தது. பாசி. சேற்று நீர்.

இடக்கையைக் குமிழின்மேல் வைத்தான். அது சூடாக இருந்தது. வெயில் பட்ட பொருளின் சூடு அன்று. உள்ளங்கைச் சூடு.

தண்டு நகர்ந்தது.

அவன் கிளட்ச்சை மிதிக்கவில்லை, எஞ்சின் ஓடவில்லை. முதல் கியர். இரண்டு. பிறகு நடுவில் ஒரு கணம் நின்றது. மூன்றுக்குப் போகுமுன் அப்படி நிறுத்தி, மூச்சு விட்டுப் போடுவது ஒருவருடைய பழக்கம் மட்டுமே.

மூன்று.

கையை எடுக்க முயன்றான். வரவில்லை. கையின்மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் விரல்களுக்கு இடையே விரல்கள்.

"தம்பி, உள்ளயா இருக்கீங்க?"

அண்ணி. குடையை மடக்கியபடி இடப்பக்கச் சன்னலருகே வந்து நின்றாள்.

"கடைக்காரர் சொன்னார், குமிழ் அமைஞ்சிடுச்சாமே. இனி என்ன சாக்கு? டயருக்குள்ள இருக்கற காத்தும் பழைய காத்தா இருக்கணுமா?"

"அண்ணி... இன்னிக்கு வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

"எத்தனை இன்னிக்கு தம்பி?" அவள் குரலிலிருந்த கேலி வடிந்தது. "ஏழு வருஷமா நான் பொண்டாட்டியும் இல்ல, தனி ஆளும் இல்ல. வீட்டை என் பேருக்கு மாத்தணும்னாலும் அவர் கையெழுத்து கேக்கறாங்க. எங்க போய் வாங்கிட்டு வரட்டும்? என்னை விட்டுடுங்க. போடுங்க."

தாளும் பேனாவும் சன்னல் வழியாக இடப்பக்க இருக்கையில் விழுந்தன.

அவன் வலக்கையை நீட்டி எடுத்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றி மடியில் விட்டான். தாளை ஸ்டீயரிங்மேல் அழுத்தினான். முதல் எழுத்து. இடக்கையின் எலும்புகள் நெரிந்தன. இரண்டாம் எழுத்து. காதருகே நீர் சொட்டும் ஒலி. கூரையிலிருந்து அன்று. மூன்றாம் எழுத்து. அவன் நிறுத்தவில்லை, அண்ணிக்காக நிறுத்தவில்லை. கடைசிக் கோட்டை இழுத்தான்.

பிடி விட்டது.

இடக்கை தானாக மடியில் வந்து விழுந்தது. தாளைப் பக்கத்து இருக்கையில் வைத்தான். மடியில் மூடியைத் தேடி எடுத்து, ஒரு கையால் முடியாமல், இரு கைகளாலும் பேனாவை மூடினான். அது சரியாகப் பொருந்தக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"வாங்கிட்டேன்," என்றாள் சன்னலுக்குள் கையை நீட்டியிருந்த அண்ணி. "ரொம்ப நன்றி தம்பி."

தூறல்.

"தம்பி, அதான் வாங்கிட்டேனே."

அவன் நிமிரவில்லை. பேனாவைப் பற்றியிருந்த தன் இரு கைகளையும் பார்த்தபடி இருந்தான்.

"கையை விடுங்க தம்பி. வலிக்குது. கையை விடுங்க."