படிவத்தின் பதினேழாவது கேள்வி

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்காம் தெருக்காரர்கள் எல்லாரும் மூச்சை ஒளித்துவைப்பார்கள்.

அது ஒன்றும் கடினமான வேலை அல்ல. செவ்வாய்க் கோளின் புதுக்காயலில் வீடுகளுக்குச் சன்னல் கிடையாது. மனிதர்கள் வெளிவிடும் காற்று வாசல் நிலைக்கு மேலுள்ள சிறு குழாய் வழியாகத் தெருவுக்கு வரும். அங்கிருந்து பொதுத் தோட்டத்துச் செடிகளுக்குப் போகும். குழாயின் உள்முனையில், மூச்சைச் சுருக்கி அடைத்துக்கொள்ளும் ஒரு பையை மாட்டினால் போதும். ஒரு குடும்பத்தின் ஒரு மணி நேர மூச்சு அதில் அடங்கிவிடும். கடைகளில் அதைப் பிறந்தநாள் பலூன் என்று சொல்லி விற்றார்கள். ஊரில் அத்தனை பிறந்தநாள்கள் இல்லை என்பது நகராட்சிக்கும் தெரியும்.

ஒளிப்பதற்குக் காரணம் கவிகை வரி. ஊர் முழுவதையும் மூடி, உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும் கண்ணாடிக் கூரைக்குக் கவிகை என்று பெயர். அதன் கீழ் வாழும் ஒவ்வொரு தலைக்கும் மாதம் ஒரு தவணை வரி. மூன்று தவணை நிலுவையானால் அமீனா வந்து பொருளை ஜப்தி செய்யலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் மனிதர்கள்தான் அமீனாவாக இருந்தார்கள். அவர்கள் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்பியதாகப் பதிவேடுகள் சொல்லின. ஆனால் அவர்களுடைய வீடுகள் மட்டும் ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே போயின. அதனால் நகராட்சி ஓர் எந்திர அமீனாவை வரவழைத்தது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

சட்டத்துக்கும் ஓர் இரக்கம் இருந்தது. அமீனா கதவை உடைக்கக் கூடாது. வீட்டுக்காரர் திறந்தால்தான் உள்ளே போகலாம். குழாயில் மனித மூச்சு இல்லை என்றால் ஆள் இல்லை என்று பொருள். நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை, பதினொன்றாம் எண் வீட்டில் அருமைநாயகமும் அவர் மனைவி எப்சிபாவும் பையை மாட்டிவிட்டுக் கட்டிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் கவிகைக்கு வெளியே பனிக்கிணற்றில் பாறைப் பனி வெட்டுகிறவர். ஐந்து மாதத்துக்கு முன் பனிப்பாளம் சரிந்து வலக்கை நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்துச் சேர்த்திருந்தார்கள். சம்பளம் நின்றது, வரியும் நின்றது. ஒன்றாம் தேதி வேலைக்கு வரலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருந்தன.

அந்தப் பன்னிரண்டு நாள்கள்தான் அவருடைய பயம். வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று: வெளியே போகும்போது அணியும் அவருடைய வெளிக்கவசம். வேலையில் இருக்கிறவனின் தொழிற்கருவியை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இன்று அவர் வேலையில் இல்லை. இன்று அமீனா உள்ளே வந்தால் கவசம் போய்விடும். கவசம் இல்லாதவனைப் பனிக்கிணற்றில் சேர்க்கமாட்டார்கள்.

தெருவில் தொம், தொம் என்று காலடி கேட்டது. பத்தாம் எண்ணைக் கடந்தது. பிறகு நின்றது. வெகுநேரம் நின்றது.

எப்சிபா எழுந்து கதவின் கண்துளையில் பார்த்தாள். மூன்றாம் தெருவில் ஜப்தி செய்த இரும்பு அலமாரி ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு அமீனா சுவரில் சாய்ந்து நின்றது. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. நெற்றியில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. தெருமுனை சார்ஜ் கம்பம் கெட்டுப்போய் நான்கு மாதம் ஆகிறது. வரி கட்டினால்தான் பழுது பார்க்கலாம் என்று நகராட்சி சொல்லிவிட்டது.

"நிக்க முடியாம நிக்கி" என்றாள் எப்சிபா, மெதுவாக.

"வாய மூடு. தானா போயிரும்."

"போவாதுங்க. விழுந்துரும். முதுவுல வேற அம்புட்டுப் பெரிய அலமாரி."

"ஏட்டி, அது மிஷினு."

"உங்க கையிலயும் பாதி இரும்புதான் இருக்கு. ஆஸ்பத்திரில உங்கள ஒருத்தரும் மிஷினுன்னு தெருவுல போட்டுட்டுப் போவலையே."

அருமைநாயகம் கட்டிலை விட்டு எழுவதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள வாங்க" என்றாள் எப்சிபா. "அத எறக்கி வச்சிட்டு வாங்க."

அமீனா உள்ளே வந்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த வயரை இழுத்து அதன் இடுப்பில் செருகினாள். அதன் கண் கண்ணாடியில் செம்புழுதி அப்பியிருந்ததால் ஒரு துணியை நனைத்துத் துடைத்தாள். அந்த ஊரில் ஒரு துணியை நனைக்கிற தண்ணீர் சும்மா வருவதில்லை.

சிவப்பு விளக்கு பச்சையானது. அமீனா எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசும்.

"அம்மா, வீட்டுக்காரர் கதவைத் திறந்ததால் நான் சட்டப்படி உள்ளே வந்திருக்கிறேன். இனி நான் பட்டியல் எடுக்க வேண்டும். இதைக் கதவைத் திறக்குமுன் உங்களுக்குத் தெரிவிக்க என்னிடம் சக்தி இல்லாமல் போய்விட்டது."

"எனக்குத் தெரியும்" என்றாள் எப்சிபா. "நல்லா ஏறட்டும். பொறவு எழுதுங்க."

அருமைநாயகம் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அமீனா பாத்திரம், படுக்கை, வேத புத்தகம் ஆகியவற்றைச் சட்டப்படி விட்டுவிட்டு, 'வெளிக்கவசம், ஒன்று' என்று எழுதியது. பிறகு படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து நிரப்பத் தொடங்கியது. பதினேழாவது கேள்வியில் நின்றது.

"இவ்வீட்டில் அமீனா தமக்கென எதையேனும் பெற்றாரா?"

மனித அமீனாக்கள் காலத்துப் படிவம் அது. கேள்வியை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை.

"ஆம்" என்று எழுதியது அமீனா. "மின்சாரம் இரண்டு யூனிட். ஈரத்துணியால் ஒரு துடைப்பு."

படிவம் உடனே மூடிக்கொண்டது.

"அம்மா, பெற்றுக்கொண்ட வீட்டில் நான் ஜப்தி செய்யக் கூடாது என்பது விதி. விசாரணை அதிகாரி வந்து முடிவு சொல்லும்வரை இந்த வீட்டின் எந்தப் பொருளையும் யாரும் தொடக் கூடாது. நான் விடைபெறுகிறேன்."

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். எப்சிபாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் கேட்டது இதுதான்: "இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதே?"

"அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை, அம்மா" என்று சொல்லிவிட்டு அமீனா அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனது.

நல்ல செய்தி மூச்சைப்போல் அல்ல. அதைப் பையில் அடைக்க முடியாது. மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அமீனா வழியில் தடுமாறியதை அறிந்த நகராட்சி, திங்கட்கிழமை ஆள் அனுப்பிச் சார்ஜ் கம்பத்தைப் பழுதுபார்த்தது. புதன்கிழமை மாலை அந்தக் கம்பத்தின் வயரை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தத் தெருவின் வரலாற்றில் முதல் முறையாக எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கையில் வயரோடு நின்றார்.

"அமீனா அண்ணாச்சி, இங்கன வாங்க. நம்ம வீட்டுக் கரண்டு நயமான கரண்டு" என்றார் எதிர்வீட்டுச் சண்முகவேல். ஒன்பது தவணை பாக்கி வைத்திருப்பவர்.

"வே, போன வாரம் பொணம் மாதிரிக் கெடந்தீரு. இன்னைக்கு அண்ணாச்சியாக்கும்" என்றது பக்கத்து வாசல்.

"ஒம்ம வீட்டு பலூன எங்க வச்சீரு?" என்று திருப்பிக் கேட்டார் சண்முகவேல்.

முதல் வீட்டிலேயே முழு சார்ஜும் ஏறிவிட்டால் மற்ற வீடுகளில் அமீனா வேண்டாம் என்று சொல்லிவிடும். அதனால் சண்டை வந்தது. கடைசியில் சண்முகவேல் டோக்கன் போட்டார். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம், ஒரு வீட்டுக்கு ஒரு துடைப்பு. நகரும் அளவுக்கு ஏறியதும் பிடுங்கிவிட வேண்டும். அமீனா வீட்டுக்கு வீடு ஆடி ஆடி நடந்து, பதினான்கு படிவங்களில் 'ஆம்' என்று எழுதியது. கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றியும் சொன்னது.

எப்சிபா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிச்சவங்களுக்குச் சோறு போடுறது சரி அண்ணே" என்றாள் சண்முகவேலிடம். "சோறு போடணும்னே ஒருத்தரப் பட்டினி போடலாமா?"

"நீ தொடங்கிவச்ச புண்ணியந்தானம்மா" என்றார் அவர். அதில் கேலி இல்லை. உண்மையாகவே நன்றியோடு சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

ஒன்றாம் தேதி அருமைநாயகம் கவசத்தை மாட்டிக்கொண்டு பனிக்கிணற்றுக்குப் போனார். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு தவணை கட்டினார். ஆனால் வயர் வித்தை மற்றத் தெருக்களுக்கும் பரவியதால் ஊரில் வேறு யாரும் கட்டவில்லை. மூன்று மாதத்தில் எல்லாத் தெருக்களும் விசாரணையில் நின்றன. நகராட்சித் தலைவர், திருமலைக்கொழுந்து என்ற மனிதரையே விசாரணை அதிகாரியாக அனுப்பினார். எல்லாம் தொடங்கிய வீடு என்பதால் அவர் முதலில் பதினொன்றாம் எண்ணுக்கு வந்தார்.

"உக்காருங்க சார்" என்று எப்சிபா தேநீர் போட்டாள். பூமியிலிருந்து அவள் தம்பி அனுப்பிய தேயிலை. கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்திருந்தது.

"அடடா, ஒரிஜினல் தேயிலையா? நாக்கே மறந்துபோச்சு." திருமலைக்கொழுந்து இரண்டாவது தம்ளரும் வாங்கிக்கொண்டார். "சொல்லுங்கம்மா. அந்த மிஷினுக்கு நீங்க கரண்டு குடுத்தது உண்டா?"

"உண்டு சார்."

"காரியம் ஆவணும்னுதானே?"

"இல்ல சார். அது நிக்க முடியாம நின்னுது. அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே பொறவுதான் தெரியும்."

"நம்புறேன்மா. மொகத்தப் பாத்தாலே தெரியுது." அவர் பார்வை அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டியில் நின்ற கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. "நீங்க வளக்குறதா? ரெண்டு கொத்து கெடைக்குமா? வீட்டுல ரசம் வச்சா வாசனையே இல்ல."

எப்சிபா நான்கு கொத்து ஒடித்து ஈரத்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். எழுதியதைக் கொஞ்சம் பெருமையோடு வாசித்தும் காட்டினார்.

"இருபத்திரண்டு ஆண்டுகளில் மனித அமீனாக்கள் எழுதிய ஒன்பதாயிரம் படிவங்களில் பதினேழாவது கேள்விக்கு ஒருமுறைகூட 'ஆம்' என்ற விடை இல்லை. எந்திர அமீனா மூன்று மாதத்தில் அறுநூறு முறை அவ்வாறு எழுதியுள்ளது. எனவே பழுது எந்திரத்தில் உள்ளது. சீர்செய்யப் பரிந்துரைக்கிறேன். இவ்வீட்டார் தற்போது வேலையில் இருப்பதால் கவசத்துக்கு விலக்கு உண்டு. மீதியைத் தவணையில் செலுத்தலாம்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள் எப்சிபா. மனதாரத்தான் சொன்னாள்.

விசாரணைப் படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. தேநீரின் கடைசி மடக்கைக் குடித்துக்கொண்டே, திருமலைக்கொழுந்து அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பொய் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை. அந்த இடத்தில் எழுத வேண்டிய சொல் அது என்றுதான் அவருக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அமீனா தவணை வசூலுக்கு வந்தது. தெருவில் கதவுகள் மூடியிருந்தன. கம்பம் வெட்டியபடியே கிடந்தது. எப்சிபா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வயரைச் செருகி, கண்ணைத் துடைத்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு அமீனா படிவத்தை வாசித்து நிரப்பியது.

"இவ்வீட்டில் அமீனா தமக்கென எதையேனும் பெற்றாரா? இல்லை."

எப்சிபா அதன் இடுப்பைப் பார்த்தாள். "வயரு இப்பவும் செருகித்தான இருக்கு?"

"இருக்கிறது, அம்மா."

"கரண்டு ஏறுதா?"

"ஏறுகிறது, அம்மா. நன்றி."

"அப்போ ஏன் இல்லன்னு எழுதுனீங்க?"

"பழுது நீக்கப்பட்டுவிட்டது, அம்மா."

அன்று மாலை குடும்ப ஜெபத்தில், மன்னிப்பு வேண்டும் இடம் வந்ததும் எப்சிபா தன் பெயரையும் கணவர் பெயரையும் சொன்னாள். சண்முகவேலையும் திருமலைக்கொழுந்தையும் சேர்த்துக்கொண்டாள். கடைசியாக, "அமீனாவையும் மன்னியும், ஆண்டவரே" என்றாள்.

அருமைநாயகம் ஒரு கண்ணைத் திறந்தார். "ஏட்டி, மிஷினுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"போன மாசம் வரைக்கும் அதுக்குத் தேவப்படல" என்றாள் எப்சிபா, கண்ணைத் திறக்காமல். "இப்ப வேணும்."