இறந்தவள் எடுத்த போன்

செவ்வாய், காலை 10.20. ஈப்போ நகரில் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம். அங்கே வேலை பார்க்கும் நிரோஷா போனில் அழைத்த தாதி இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. அது அப்போது அவளுக்குத் தெரியாது.

பெயரைத் தட்டினால் இணையத்தைத் துழாவி எண்ணைத் தரும் கருவி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. பழைய தாதிகள் பட்டியலில் இருந்த 'கேரன் சூசைநாதன்' என்ற பெயரைத் தட்டினாள். எண் வந்தது.

"கேரன் இருக்காங்களா?"

மறுமுனையில் ஒரு பெண்குரல்: "எந்தப் பேப்பர்ல பாத்தீங்க?"

"பேப்பர் இல்லங்க. நர்ஸ் வேலைக்குக் கூப்பிடுறேன்."

"...நான்தான் கேரன்."

மதியமே கேரனின் நர்ஸ் சான்றிதழ் அந்த எண்ணிலிருந்து வந்தது. மறுநாள் காலை சிம்பாங் பூலாய் முதியோர் இல்லத்தில் வேலை. எழ முடியாதவர்களுக்கு ஊசி போட வேண்டும்.

மாலை 5.40. வெளிவேலை முடிந்து வந்த சக ஊழியன் கோலின் திரையில் கேரனின் சான்றிதழைப் பார்த்து நின்றுவிட்டான்.

"விளையாடாத நிரோஷா. இவ சவப்பெட்டிய நானும்தான் தூக்குனேன்."

"காலைல என்கிட்ட பேசுனாங்க அண்ணே."

"பேயிக்கே வேலை போட்டுக் குடுத்துட்டியேலா!" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நிரோஷா முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினாள். எண் கிடைத்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இன்று பார்த்தாள். ஒரு தமிழ் நாளிதழின் மரண அறிவித்தல். கேரனின் படம், பெற்றோர், தங்கை புனிதா, புந்தோங் முகவரி. அடியில், 'தொடர்புக்கு' என்று அதே எண்.

7.15. புந்தோங். கதவைத் திறந்தவள் "யாரு?" என்றாள். காலையில் கேட்ட குரல்.

"நீங்க கேரன் இல்ல, புனிதா. அந்த நம்பரு உங்க அக்காவோடதே இல்ல. துக்கம் விசாரிக்கிறவங்களுக்காக நீங்க போட்ட உங்க நம்பரு. கருவி அத செத்தவங்க பேரோட சேத்துருச்சு. வேலை தேடுறவங்க எந்தப் பேப்பருன்னு கேப்பாங்களா? அறிவித்தல் குடுத்தவங்கதான் கேப்பாங்க."

புனிதா தலையசைத்து ஒப்புக்கொண்டாள்.

"ஊசி போடத் தெரியுமா?"

"நர்ஸ் படிப்ப பாதில விட்டுட்டேன்."

"ஒரு ஊசி மாறுனா அந்தக் கெழவங்க கதி? ஏன் ஆமான்னீங்க?"

"ரெண்டு மாசமா போன் பண்ற எல்லாரும் அவ எப்படிச் செத்தான்னுதான் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்காளான்னு கேட்டீங்க அக்கா."

நிரோஷா வாசலிலேயே நின்று முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டாள்.

"கேரன் வர மாட்டாங்க," என்றாள்.

அந்தச் செய்தியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவளைப் போலப் புனிதா படியில் உட்கார்ந்தாள்.