நாற்பது அடி தள்ளிய டீக்கடை

திங்கட்கிழமை காலை, வழக்கம்போல டீக்கடை நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது.

தூத்துக்குடிக்கு அப்பால் கடல்மேல் கட்டப்பட்ட முத்துக்கரை நகரில் இது செய்தியே அல்ல. அங்கே கடைகள், நிழற்குடைகள், மரத்தொட்டிகள் எல்லாம் சக்கரங்களின் மேல் நின்றன. எதை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது நலவரைபடம் என்ற கணினி அமைப்பு. ஒவ்வொருவர் தோளிலும் பதித்த அரிசியளவு உணரி நாடியையும் மூச்சையும் சர்க்கரையையும் அனுப்பும். நலவரைபடம் தெருத்தெருவாகப் பார்த்து, வாரம் ஒருமுறை ஊரைக் கொஞ்சம் மாற்றி அடுக்கும். மூச்சிரைக்கும் தெருவுக்கு மரங்கள் தாமே நகர்ந்து வரும். மனிதர்கள் கண்டுபிடித்தவற்றில் இவ்வளவு பொறுமைசாலி வேறொன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் அற்புதராஜுக்கு மட்டும் அதன்மேல் தீராத கோபம். வாசலில் நின்ற டீக்கடை பத்து மாதத்தில் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அவரோ நாளைக்கு நாலு டீ குடிப்பவர். நிலாவில் குடியேறிய மகள் ஸ்டெல்லாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. விண்கலத்தில் ஏற இதயவலு அறுபது வேண்டும். போன வருடச் சோதனையில் அவருக்கு நாற்பத்தொன்று. பேத்தியைத் தொட்டுப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று பயந்தார்.

பொறுக்க முடியாமல் வரைபட அலுவலகத்துக்கே போய்விட்டார்.

"நெஞ்சு பலமில்லாதவன இப்படி அலைய விடுதியளே தாயி, நியாயமா?"

வரைபடக் காப்பாளர் மெஹருன்னிசா திரையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பாக இருந்த ஒரு வீடு வாரத்துக்கு வாரம் பச்சையாகிக்கொண்டே வந்தது.

"இது ஒங்க வீடுதான் அண்ணாச்சி. கட தள்ளிப் போகப் போக நெறம் மாறுது பாருங்க. இன்னைக்கு ஒங்க இதயவலு அறுபத்திரெண்டு."

அற்புதராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"பத்து வருசம் சொன்னோம். 'நடங்க'ன்னு தெனமும் சேதி அனுப்புனோம். எல்லாரும் அத அடுத்தவங்களுக்கு அனுப்பிட்டு உக்காந்தே இருந்தாங்க."

அன்றே விண்கலத்தில் இடம் பதிந்தார்; பயணத்துக்கு இருபது நாள் இருந்தது. அற்புதராஜ் மறுநாளே மின்சாரத்தில் ஓடும் நகர்நாற்காலி ஒன்றை வாங்கினார்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி ஜெசிந்தா.

"கஷ்டப்பட்டுச் சேத்த அறுபத்திரெண்டு. நடந்து நடந்து கரைச்சிரக் கூடாதுல்லா."

அதில் சாய்ந்தபடியே நடையின் மகிமையைப் பற்றி நீளமாக எழுதி, நானூறு பேருக்கு அனுப்பினார். டீக்கடைக்கும் நாற்காலியிலேயே போய்வந்தார். இரண்டு வாரத்தில் இதயவலு சரியாக அறுபதில் வந்து நின்றது. அவர் கவனிக்கவில்லை, நலவரைபடம் கவனித்தது.

அடுத்த திங்கட்கிழமை டீக்கடை இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலோரம் நின்ற மின்னேற்றுக் கம்பம்தான் டீக்கடையையும் தாண்டிப் போயிருந்தது. நாற்காலியில் துளி மின்சாரம் இல்லை.

"இந்த ஊருல ஒண்ணாவது வச்ச எடத்துல இருக்கா?" என்று திட்டிக்கொண்டே, அந்த இரும்பு நாற்காலியை வேர்க்க வேர்க்கத் தள்ளிப் போனார் அற்புதராஜ். அந்த வாரம் முழுக்க அதே கதைதான்; கம்பம் வீடு திரும்பும் அளவுக்கு மட்டுமே மின்சாரம் தந்தது. பயண நாளன்று இதயவலு அறுபத்தொன்று.

விண்கலத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைக்கருவி சிணுங்கியது. யாரோ முகம் தெரியாதவர் நடையின் மகிமையைப் பற்றி நீளமாக ஒரு சேதி அனுப்பியிருந்தார். அது அவரே எழுதியது. அற்புதராஜ் முதல் வரியைத் தாண்டவில்லை. 'நல்ல சேதி, அவசியம் படி' என்று சேர்த்து, ஸ்டெல்லாவுக்கு அனுப்பிவைத்தார்.