உள்ளே தங்கிய காற்று

குழாயிலிருந்து வாயை எடுத்த பிறகும் திரையில் மூச்சின் அளவைக் காட்டும் கோடு மேலே ஏறிக்கொண்டேயிருந்தது.

"மெஷின் பேஜாரு பண்ணுது பாய்," என்றாள் ஹெப்சிபா. காலடிப்பேட்டை கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை எடுப்பவள். வேறு குழாய் மாட்டினாள். சௌக்கத் அலி வாயைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

இருபத்தாறு வருடம் நிலக்கரிக் கப்பல்களின் சரக்கறைக்குள் இறங்கி வேலை பார்த்தவர். இப்போது நான்கு படி ஏறினாலே நெஞ்சை அடைக்கிறது.

"சிஓபிடியா இருக்கும்னு டாக்டர் சந்தேகப்படுறாரு. மூச்சுக்குழா சுருங்கிட்டா இழுத்த காத்து முழுசா வெளிய வராது. பழசு உள்ளயே தங்கிக்கும்."

"எவ்ளோ நாள் பழசு மா?"

அவள் சிரித்தாள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து, கால் மணி நேரம் உட்காரச் சொன்னாள்.

மூடிய அறையில் ஏசி உறுமிக்கொண்டிருக்க, எங்கிருந்தோ ஈர நிலக்கரி வாடை எழுந்து, அது தன் வாயிலிருந்தே வருகிறது என்று அவருக்குப் புரிந்தபோது, நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ ஒன்று, நெடுநேரம் உறங்கியவன் புரண்டு படுப்பதுபோல், மெல்ல அசைந்தது.

"நல்லா இழுங்க பாய். இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!"

ஊதினார். மூச்சு தீர்ந்தது. தீர்ந்தும் வந்தது. வாயை மூட முடியவில்லை. தொண்டை வழியே சில்லென்று காற்று. காற்றுக்குள் ஒரு குரல்.

"மாமு... மேல தூக்கு மாமு..."

வரதன்.

கூட வேலை பார்த்தவன். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு கப்பலின் சரக்கறையில் காற்றில்லாமல் சுருண்டு விழுந்தவன். அவன் வாயில் வாய் வைத்து ஊதியவர் சௌக்கத் அலி. அவன் விட்ட கடைசி மூச்சு தன் தொண்டைக்குள் இறங்கியதை மனைவி அஜீசாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

குழாய் கீழே விழுந்தது. காற்று நின்றது. நெஞ்சு லேசாகியிருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முழு மூச்சு இழுத்தார். அடிவயிறு வரை இறங்கியது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

ஹெப்சிபா எதிரே நின்றிருந்தாள். திறந்த வாயிலிருந்து அதே ஈர நிலக்கரி வாடை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மா? இன்னா ஆச்சு?"

தோள்கள் காதுவரை ஏறின. நெஞ்சு உப்பியது. விடவில்லை. இன்னும் இழுத்தாள். சுடிதாரின் தையல் பிரிந்தது. உதடுகள் நீலம். கண்கள் அவரையே பார்த்தன.

இன்னும் இழுத்தாள்.