வெள்ளிக்கிழமைப் பயற்றங்காய்

வாக்குக் கொடுப்பது சுலபம். அதைக் காப்பாற்றப் பயற்றங்கொடியும் ஒத்துழைக்க வேண்டுமே!

உடையார்கட்டுக் கிராமத்தில் லக்சிகாவின் அப்பா குகதாசன் அப்படித்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் அன்னதானத்துக்குப் பயற்றங்காய் முழுவதும் அவருடைய தோட்டத்திலிருந்துதான். ஊரே சாப்பிடப்போகிறது. லக்சிகாவின் வகுப்புப் பிள்ளைகள் முதல் பந்தியில் இருப்பார்கள். அவர்கள் என்றைக்கு இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தார்கள்?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பார்த்தால், கொடியெல்லாம் அழுக்கணவன். கடுகு போன்ற கறுத்த பூச்சிகள் குருத்து, பூ, பிஞ்சு என்று ஓரிடம் விடாமல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சின.

அப்பா தலையில் கைவைத்தபடி வரப்பில் குந்திவிட்டார்.

பக்கத்துக் காணி யோகநாதன் மாமா வேலியால் எட்டிப் பார்த்தார். "ஏன் காணும் யோசிக்கிறீர்? என்னட்டை நல்ல மருந்து கிடக்கு. நாளைக்கு விடிய அடியும்."

"அடிச்சால் ரெண்டு கிழமைக்குக் காய் பிடுங்கக்கூடாதெண்டு போத்திலிலை போட்டிருக்குமே?"

"நல்லாக் கழுவினாச் சரி. ஆருக்குத் தெரியப்போகுது?"

அப்பா சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற லக்சிகாவுக்கு அதுதான் பயமாயிருந்தது.

மாமா மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும் அவள் அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, அதை அடிக்காதேங்கோ. எங்கடை ஆக்களெல்லே சாப்பிடப்போகினம்!"

"எனக்கு மட்டும் ஆசையோ பிள்ளை? வெறுங்கையோடை கோயிலிலை போய் நிண்டால் மானம் போயிடும்."

"ஜெயரூபி ரீச்சர் பள்ளிக்கூடக் கத்தரிக்கு வேப்பிலைச் சாறு அடிச்சவா. பூச்சியெல்லாம் போயிட்டுது. எனக்கும் செய்யத் தெரியும். செய்யட்டே?"

அப்பா பெருமூச்சு விட்டார். "விடிய அடிச்சுப் பாப்பம். சரிவராட்டி என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது."

வீட்டு வேப்பங்கன்றை ஆடுகள் முன்னரே மொட்டையடித்துவிட்டன. பெரிய வேம்பு கோயில் வீதியில்தான் நின்றது. லக்சிகா உரப்பையோடு சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலியே கழன்றுவிட்டது. அதைக் கொழுவிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கோயிலில் விளக்கேற்றியாயிற்று.

அவள் எட்டி ஒரு கொப்பைப் பிடித்தாள்.

"ஆரது? கையை எடு!" வீதி கூட்டிக்கொண்டிருந்த வடிவம்மா மாமி விளக்குமாற்றோடு வந்தார். "விளக்கு வைச்சாப் பிறகு இலை பறிக்கிறதோ? மரம் நித்திரையெல்லே!"

இலை இரவு முழுவதும் ஊற வேண்டும். விடிந்தபின் பறித்து என்ன பயன்? லக்சிகா கலங்கிய கண்ணோடு சுற்றிப் பார்த்தாள். அன்னதானப் பந்தல் போட இடைஞ்சலாயிருந்த கொப்புகளைக் காலையில் வெட்டி மதிலோரம் குவித்திருந்தார்கள்.

"மாமி, நான் பறிக்கேல்லை. அந்த வெட்டின கொப்பை எடுக்கலாமே?"

மாமி குவியலைப் பார்த்தார். "அது இப்ப மரத்திலை இல்லைத்தானே. எடு, எடு. எனக்கும் கூட்டிற வேலை மிச்சம்." சொன்னதோடு நில்லாமல் இலைகளை உருவிப் பையில் திணித்தும் கொடுத்தார்.

அன்றிரவு அம்மா இலையை உரலில் இடித்தார். லக்சிகா அதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். விடிந்ததும் பழைய துணியில் வடித்து, மருந்தடிக்கும் தாங்கியைக் கழுவி அதில் ஊற்றினாள். அப்பா தாங்கியை முதுகில் சுமந்து தெளித்தார்.

இலையில் விழுந்த சாறு முத்து முத்தாய் உருண்டு நிலத்தில் கொட்டியது. பூச்சிகள் நனையக்கூட இல்லை. தம் பாட்டுக்கு விருந்தைத் தொடர்ந்தன.

"நிலத்துக்குத்தான் அடிக்கிறம் போலை" என்று அப்பா தாங்கியை இறக்கினார். அவருடைய கை மாமாவின் போத்தலை எடுத்தது. மூடியைத் திருகத் தொடங்கியது.

லக்சிகா அவசர அவசரமாக யோசித்தாள். ரீச்சர் என்ன செய்தார்? இடித்தார், ஊறவைத்தார், வடித்தார். பிறகு வகுப்பிலிருந்த மதுசனைச் சவர்க்காரம் கொண்டுவரச் சொன்னார். அது கை கழுவத்தானே? ஆனால் அன்று ஒருவருக்கும் கை கழுவச் சவர்க்காரம் மிஞ்சவில்லையே! கசந்த கையால் சோறு தின்று வகுப்பே முகம் சுளித்ததே!

"பொறுங்கோ அப்பா! சவுக்காரம்! சவுக்காரம் போட மறந்திட்டன்!"

கிணற்றடிக்கு ஓடினாள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைச் சுரண்டி, கரைத்து, மீதிச் சாற்றில் கலந்தாள். அப்பா போத்தல் மூடியை இறுக்கி வைத்துவிட்டு, அரைமனதோடு தாங்கியைத் தூக்கினார்.

இம்முறை சாறு உருளவில்லை. இலையோடு ஒட்டிப் பூச்சிகளின் மேல் படர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் அன்று லக்சிகாவுக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே தோட்டத்துக்கு ஓடிக் குருத்தைத் தட்டினாள். பூச்சிகள் செத்து உதிர்ந்தன. எல்லாமல்ல, பாதிக்கு மேல். குசினிப் பக்கம் உரல் சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால், அப்பா! நாளைக்கும் அடிக்க இலை இடித்துக்கொண்டிருந்தார். லக்சிகாவுக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது.

யோகநாதன் மாமா கிளிநொச்சிக்குப் போயிருந்ததால், திருப்பிக் கொடுக்க முடியாத போத்தலைக் கொட்டிலில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

வியாழக்கிழமையும் சாறு அடித்ததில் காய்கள் தப்பின. வெள்ளிக்கிழமை பந்தியில் தாமரை இலை விரித்தார்கள். அப்பா பயற்றங்காய்க் கறி பரிமாற, லக்சிகா தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் கறியை வழித்து நக்கினார்கள்.

கிளிநொச்சியிலிருந்து அன்றுதான் திரும்பிய யோகநாதன் மாமாவும் முதல் பந்தியில்தான் இருந்தார். சோறு போய்விட்டது. பருப்பும் பூசணியும் போய்விட்டன. பயற்றங்காய் மட்டும் இலை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

லக்சிகாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஒருவருக்கும் கேட்காதபடி அவர் காதருகே குனிந்தாள்.

"மாமா, பயப்பிடாமச் சாப்பிடுங்கோ. உங்கடை மருந்து அடிக்கேல்லை. வேப்பிலைதான்."

மாமாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குனிந்த தலை நிமிராமல் பயற்றங்காய் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

"பிள்ளை" என்றார் மெல்ல, "அப்பாவை இஞ்சாலை வரச்சொல்லு. இன்னும் ஒரு கரண்டி போடட்டும்."